யாருக்கு இலை போடுவது

பச்சைத் தட்டுக்குக் குக்கர் ஆகாது.
லிட்டருக்கு எண்பத்தொன்பது கிராம்,
கொதிக்கக் கொதிக்கக் கிளறி இறக்கிவிட வேண்டும்.
பிரஷரில் வைத்தால் கெட்டுப்போகும் என்று
டப்பாவிலேயே போட்டிருக்கிறது.
மாட்டுப் பித்தம், உப்பு, சர்க்கரை,
காரம் எட்டரைக்குக் கொஞ்சம் மேலே.
மற்றக் கிருமிகள் அந்தப் பந்தியில் உட்கார முடியாது,
விப்ரியோ வரும்.
சர்க்கரையைத் தின்றால் மஞ்சள் புள்ளி,
தொடாமல் எழுந்துவிட்டால் பச்சை.
ஆரம்பாக்கம் நெடுஞ்சாலையில்
டயர் கடைக்கும் பரோட்டா கடைக்கும் நடுவே
எங்கள் லேபில் நடப்பது இந்த ஒரு சமையல்தான்.

பெஞ்சலய்யா தடாவுக்கு அந்தப் பக்கமிருந்து
சோடா பாட்டிலில் குளத்துத் தண்ணீரோடு வந்தார்.
கழுவின பாட்டிலா என்றேன்.
நாலு விரல் காட்டினார்.
பத்து நாளாக இறால் தீனி எடுக்கவில்லை.
பிறகு குரலை இறக்கி,
"ராத்திரி நீள்ளலோ வெலுகம்மா."
தண்ணீருக்குள் வெளிச்சமாம்.
காலை விட்டு அலைத்தால் தெரிகிறதாம்.
முதலாளி கணக்கு நோட்டிலிருந்து தலை தூக்காமல்
எத்தனை குவார்ட்டர் என்று கேட்டார்.
பெஞ்சலய்யாவும் சிரித்தார்.
சிரித்துக்கொண்டே
நானூறு ரூபாய் எண்ணி வைத்தார்.

மறுநாள் பச்சைத் தட்டில் ஆறே புள்ளி.
ஆறும் மஞ்சள். அளவுக்குள்.
கையெழுத்துப் போட்டால் முடிந்தது.
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு
அந்த ஆறையே பார்த்திருந்தேன்.
வராதவர்கள் இல்லவே இல்லையா,
நாம் கூப்பிடவில்லையா?

மீதித் தண்ணீர் மேசைக்கடியில் இருந்தது.
பழவேற்காட்டு முகத்துவாரத் தண்ணீர் ஒரு கேன்,
துணியில் வடிகட்டி, பிறகு தாளில் வடிகட்டி.
பெப்டோன் ஐந்து கிராம், ஈஸ்ட் சாறு ஒன்று,
அகார் பதினைந்து.
நோன்புக்கு மெஹருன்னிசா வீட்டில்
பாலும் ஏலக்காயும் போட்டுக் காய்ச்சுகிற
அதே கடல்பாசி.
பித்தம் இல்லை, சாயம் இல்லை,
வாசலில் நின்று யாரையும் விரட்டுகிற எதுவும் இல்லை.
இது குக்கருக்குப் போகும்:
பதினைந்து பவுண்டு, பதினைந்து நிமிடம்.
இறக்கி, குடுவையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து
பொறுக்கிற சூடு வந்ததும் ஊற்ற வேண்டும்.
அவசரப்பட்டால் மூடி வியர்க்கும்,
அசந்தால் கட்டி தட்டும்.
அந்த இரண்டு நிமிடத்தில்
மகன் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தாலும் எடுக்க மாட்டேன்.

அடுத்த நாள் சாயங்காலம் பார்த்தால்
தட்டு முழுக்க ஒரே கூட்டம்,
எல்லாம் பழங்கஞ்சிச் சொட்டு மாதிரி.
எது யார் என்று சொல்ல வழியில்லை.
எல்லோருக்கும் இலை போட்டால் இப்படித்தான் என்று
கோபமாக வந்தது.
பெப்டோனுக்கு முதலாளியிடம் என்ன கணக்குச் சொல்வது.

ஏழே காலுக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டரில் டீசல் இல்லை.
லாரி ஒன்று கடந்து, அதன் விளக்கும் சுவரை விட்டுப் போன பிறகு
மேசைமேல் ஏதோ இருந்தது.

நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் ஒரு நிறம்.
எரியவில்லை. மினுக்கவும் இல்லை.
சும்மா இருந்தது.
விரலை வைத்து எண்ணினேன், நாற்பத்தொன்று.
மறுபடியும் எண்ணினேன், நாற்பத்து மூன்று.
கண் பழகப் பழக
மூடியில் நான் மார்க்கரில் எழுதிய "பெ"
கறுப்பாக எழுந்து வந்தது.

கரண்ட் வந்தது. கஞ்சிச் சொட்டு.
எழுந்து போய் நானே சுவிட்சை அணைத்தேன்.

படிவத்தில் மஞ்சளுக்கு ஒரு கட்டம் உண்டு,
பச்சைக்கு ஒன்று.
அவருக்குப் போன் போட்டேன்.
பின்னால் காற்றுச் சக்கரங்கள்
தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தன.
எனக்குத் தெரிந்த தெலுங்கில்,
உங்கள் தண்ணீரில் வெளிச்சம் இருக்கிறது என்றேன்.
சக்கரச் சத்தம் மட்டும் கேட்டது.
பிறகு அவருக்குத் தெரிந்த தமிழில்,
"நான் குடிக்கலம்மா" என்றார்.